எண்ணெய்க்கு வண்டி தேடிய லிட்மஸ் மேடம்

உலகத்தில் எல்லோரும் முதலில் வண்டி வாங்குவார்கள், பிறகு அதற்கு எண்ணெய் போடுவார்கள். முதலில் எண்ணெயைக் காய்ச்சி டிரம்மில் நிரப்பி வைத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற வண்டியைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஜீவன் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அவருக்கு வண்டி ஓட்டவும் தெரியாது என்பதைச் சேர்த்துக்கொண்டால், இந்தப் போட்டியில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது.

படூரில் ஒரு பொறியியல் கல்லூரி. நான் அங்கே ஆபீஸில் ஹால் டிக்கெட்டுக்கும் போனஃபைடு சர்டிபிகேட்டுக்கும் சீல் குத்துகிறவன். அவர் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். தினமும் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதை உபயோகித்ததில்லை. பிரின்சிபால் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் லிட்மஸ் மேடம்.

காரணம், அவர் புடவை இடுப்பில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு லிட்மஸ் காகிதக் கட்டு இருக்கும். எதைக் கண்டாலும் ஒரு துண்டைக் கிழித்து நனைத்துப் பார்ப்பார். கேன்டீன் சாம்பார், மோர், வாட்டர் டேங்க், கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த இளநீர், எதுவும் தப்பியதில்லை. காகிதம் சிவந்தால் கேன்டீன் மாஸ்டருக்கும் முகம் சிவக்கும்.

"மேடம், சாம்பார்ல புளி போட்டா சிவக்காம இன்னா பண்ணும்?" என்பார் மாஸ்டர்.

"சிவக்கட்டும். ஆனா நேத்து இவ்ளோ சிவக்கலையே. அப்போ நேத்து புளியே போடல. கரெக்டா?"

மாஸ்டர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாஸ்டரின் வாணலியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பஜ்ஜி போட்டுப் போட்டு டிகாக்ஷன் நிறத்துக்கு வந்த எண்ணெயை அவர் பின்பக்கச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டது. அதே சமயம் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். லிட்மஸ் மேடம் இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். பொரித்த எண்ணெயை வடிகட்டி, லேபில் வைத்து வேண்டியதைச் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் பயோடீசல் ஆகும். மாணவர்கள் படம் பிடித்தார்கள், அறிக்கை எழுதினார்கள், பைண்டிங் பண்ணினார்கள், வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஒரு டிரம் பயோடீசல் மட்டும் போக இடமில்லாமல் லேபிலேயே நின்றது.

"அதைக் கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார் பிரின்சிபால். "தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

லிட்மஸ் மேடம் ஒரு பீக்கரில் அந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். மேஜைமேல் வைத்தார். தீக்குச்சியைக் கொளுத்தி அதற்குள் போட்டார். நான் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன். பிரின்சிபால் நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றதைத்தான் பார்த்தேன். குச்சி எண்ணெயில் விழுந்து, "புஸ்" என்று அணைந்துபோனது.

"இது பெட்ரோல் மாதிரி பத்திக்காது சார். நல்லா சூடு ஏறினாத்தான் எரியும்" என்றார் லிட்மஸ் மேடம். "உள்ள வாங்க, ஃபேன் ஓடுது."

பிரின்சிபால் நல்ல மனிதர். உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, யோசித்துச் சொன்னார். "சரிம்மா. பின்னாடி இருக்கிற பழைய ஜெனரேட்டர் ஷெட்டை உங்களுக்குத் தரேன். ஆனா இந்த எண்ணெய் நிஜமாவே ஒரு வண்டியில ஓடணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பாஸாகி சர்டிபிகேட்டோட அந்த வண்டி இந்த கேட்டுக்குள்ள வரணும். செமஸ்டர் முடியறவரைக்கும் டைம். இல்லேன்னா டிரம் வெளியே போயிடும்."

அன்று மாலை என் மேஜைக்கு வந்தார்.

"ஆபீஸ் சார், உங்ககிட்ட லைசென்ஸ் கீதுல்ல?"

"இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வேலை ஒண்ணும் இல்லேல்ல?"

"இருக்கு" என்றேன்.

"ஒம்போது மணிக்கு வந்துடுங்க" என்று போய்விட்டார்.

முதலில் பார்த்த வண்டி படூரிலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்றது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் விற்கிறான். நான்கு வயசுதான், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சாவியைத் தொட்டால் வணக்கம் சொல்கிறது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. லிட்மஸ் மேடம் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்தார்; மூடினார்.

"இது வேணாம்."

"ஏன் ஆன்ட்டி? ஒரு கீறல்கூட இல்ல" என்றான் பையன்.

"வண்டி மேல குத்தம் இல்லப்பா. இதுல டீசல் போற ஓட்டை மயிரிழையவிட மெலிசு. அதுக்கு மேல ஒரு கம்ப்யூட்டர் உக்காந்துகினு எல்லாத்தையும் கணக்கு பாக்குது. நான் காய்ச்சின எண்ணெய உள்ள விட்டா அது டாக்டர் சீட்டு கேக்கும். இது இங்கிலீஷ் மீடியம் வண்டி. என் எண்ணெய் தமிழ் மீடியம்."

ஆக, நமக்கு வேண்டியது பழைய டீசல் கார். பம்ப்பெல்லாம் முழுக்க இரும்பு வேலையாக, கம்ப்யூட்டர் இல்லாமல், கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஓடுகிற ரகம். எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. ஆனால் என்ஜின் உயிரோடு இருக்கவேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்கும் பேரீச்சம்பழக் கடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது.

செங்கல்பட்டில் ஒரு புரோக்கர் அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னார். போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் சாவியைத் திருகினார். வண்டி ஒரே அடியில் கிளம்பியது.

"பாருங்க மேடம், குதிரை!" என்றார் புரோக்கர்.

லிட்மஸ் மேடம் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். "இன்னா அண்ணாத்த, குதிரை ஏற்கெனவே சூடா கீது? காலையில எழுந்து வெந்நீர்ல குளிச்சிட்டு வந்துச்சா?"

"சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் மேடம்."

"அணைச்சிடுங்க. ஆறட்டும். பச்சையா ஸ்டார்ட் பண்ணித்தான் பாக்கணும்."

"அது ஆற ரெண்டு மூணு மணி நேரம் ஆகும் மேடம்."

"ஆவட்டும்."

உட்கார்ந்துவிட்டார். புரோக்கர் கொட்டகையில், இரண்டு டயர்களை அடுக்கி அதன்மேல். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலம் எடுத்தார். எனக்குப் பாதி கொடுத்தார், புரோக்கருக்கும் கொஞ்சம் கொடுத்தார். இடையில் வந்த வேறு இரண்டு கிராக்கிகளிடம் எந்த வண்டியில் எங்கே துரு இருக்கிறது என்று கேட்காமலேயே விளக்கினார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். புரோக்கரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கஷ்டமாக இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து ஆறிய வண்டியில் சாவியைத் திருகியபோது அது இருமியது, முனகியது, வெள்ளை வெளேரென்று புகை கக்கியது. கொட்டகையில் யார் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை.

புகைக்குள்ளிருந்து புரோக்கரின் குரல் மட்டும் வந்தது. "மேடம், சத்தியமா பேஜாரா கீது. நீங்க வேணா என்கிட்ட வேலைக்கு வந்துடுங்களேன்."

இப்படி ஏழு ஞாயிறு. எட்டாவது ஞாயிறு திருப்போரூர் பக்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான் அந்த வண்டியைக் கண்டோம். இருபது வயசு. வெள்ளையாகப் பிறந்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்.

"வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி வெப்பேன். ஆர்.சி. இந்த மாசத்தோட முடியுது. அப்புறம் இரும்புக்குத்தான் போடணும்னு இருந்தேன்" என்றார்.

லிட்மஸ் மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் தரையில் மண்டியிட்டார். அடியில் எண்ணெய்க் கசிவு இல்லை. எழுந்து ரப்பர் டியூப்களைக் கிள்ளிப் பார்த்தார். "இதெல்லாம் மாத்தணும். நம்ம எண்ணெய் பழைய ரப்பரைத் தின்னுடும்" என்று எனக்குச் சொன்னார். பானெட்டில் கை வைத்தார், ஜில்லென்று இருந்தது. "ஹீட்டர் போடுங்க சார்" என்றார். என்ஜினுக்குள் சூடேறுவதற்காகச் சாவியைப் பாதி திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது. முழுதும் திருப்பினேன்.

ஒரே சுற்று. கிளம்பிவிட்டது. கோழி ஜன்னல் வழியாகக் கிளம்பிவிட்டது.

மேடம் என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து அந்தத் துவாரத்தின்மேல் உள்ளங்கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். சொந்தக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னா சார், நாடி பாக்குறாங்களா?"

"ஆமாம்" என்றேன். உண்மையில் அதுதான். தேய்ந்த என்ஜினாக இருந்தால் அங்கே காற்று பீறிட்டு வருமாம். பிறகு சைலன்சருக்குப் பின்னால் தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். அதில் கறை ஏறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏறிய கொஞ்சத்தைப் பார்த்து அவர் திருப்தியாகச் சிரித்தார் என்று மட்டும் சொல்கிறேன். வந்து பானெட்டைத் தட்டினார்.

"வா, வூட்டுக்குப் போலாம்."

சொந்தக்காரர் சொன்ன விலைக்கும் இரும்புக்கடைக்காரன் சொல்லியிருந்த விலைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. எதில் ஓட்டப்போகிறார் என்று கேட்டபோது, "பஜ்ஜி எண்ணெயில" என்றார் மேடம். சொந்தக்காரர் சாவியைக் கொடுத்தபிறகுதான் கேட்டார் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்த இரண்டு வாரத்தில் மெக்கானிக் ஒருவரிடம் விட்டு டியூப்களை மாற்றினோம். மேடத்தின் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் தையல்கடை வைத்திருக்கிறார். வாசலில் வண்டி நின்றதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு என்னிடம் வந்தார். "சார், அவ எது சொன்னாலும் தலையாட்டிடுங்க. எனக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான்" என்றார். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து சீட்டுக்கெல்லாம் புது உறை தைத்துக் கொடுத்தார்.

டீசலோடு முதலில் கொஞ்சமாகவும் பிறகு பாதிக்குப் பாதியாகவும் மேடத்தின் எண்ணெய் கலந்து ஓட்டினேன். ஒன்று சொல்லவேண்டும். அந்த வண்டி போகிற வழியெல்லாம் பொரித்த வாசனை வரும். கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் சிக்னலுக்கு நின்றால் பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். ஒரு நாள் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னா அடுப்பு வெச்சிகினு வரீங்களா?"

"இல்ல சார், வண்டியே அப்படித்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. டிக்கியைத் திறந்து காட்டியபிறகும் நம்பவில்லை. போகச் சொல்லிவிட்டுப் பக்கத்து டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டிய நாள் வந்தது. ஆர்.சி. முடிய இன்னும் இரண்டே நாள்; செமஸ்டர் முடிய ஒரு வாரம். இரண்டு பேரும் லீவ் போட்டோம். பதினோரு மணிக்குள் செங்கல்பட்டில் இருக்கவேண்டும். வண்டி கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றது. ஒன்பது மணிக்குக் கிளம்பி, திருப்போரூர் தாண்டி, பாதி வழியில் இரண்டு பக்கமும் காடு வருகிற இடத்தில் வண்டி ஒரு தடவை குலுங்கியது. இன்னொரு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது.

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், செங்கல்பட்டு பஸ் ஒன்று அப்போது எங்களைத் தாண்டிப் போனது, அதில் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன. என் வீட்டில் என்னை அடையாளம் கண்டுபிடிக்கவே யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"விட்டுடலாமே மேடம்" என்றேன். "நீங்க இவ்ளோ செஞ்சதே பெரிசு. ஒரு டிரம் எண்ணெய்க்காகவா?"

அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"இருபத்திரெண்டு வருஷமா மத்தவங்க பரிசோதனைக்குப் பாட்டில் கழுவிகினு கீறேன் சார். பசங்க வராங்க, செய்றாங்க, பேரு போட்டுகினு போறாங்க. நல்லா இருக்கட்டும். ஆனா இது ஒண்ணு நான் ஆரம்பிச்சது. இது ஓடுதா ஓடலையான்னு நான் பாக்கணும். அவ்ளோதான்."

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். திறந்தபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை; அது வேறு விஷயம்.

அவர் எழுந்து வந்து உள்ளே பார்த்தார். ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்து அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி ஏதோ வழிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல சேதி சார்! என் எண்ணெய் டேங்க்கைக் கழுவியிருக்கு. இருபது வருஷத்து அழுக்கு மொத்தமும் வந்து இங்க அடைச்சிகினு கீது. இது வரும்னு தெரியும். இன்னைக்கே வரும்னுதான் தெரியாது."

சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டிபன் டப்பாவுக்கு அடியில் புது ஃபில்டர் இருந்தது. அதை மாட்டியபிறகு உள்ளே புகுந்த காற்றை எடுக்கவேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு குமிழ், அதை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலை எனக்கு. இருநூறு தடவை அமுக்கியிருப்பேன். கட்டைவிரலில் உணர்ச்சி போய்விட்டது. எங்களைப் பார்த்து ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, என்னை நகர்த்திவிட்டுத் தானே அமுக்கினார். காற்று போய் எண்ணெய் வந்தது. கையில் பட்டதை மோந்து பார்த்தார்.

"அண்ணாத்த, இது இன்னா, மசால் வடை வாசனை வருது?"

மேடம் சொன்னார். லாரி டிரைவர் ஒரு நிமிஷம் எங்கள் வண்டியைப் பார்த்தார், தன் லாரியைப் பார்த்தார். "என் வண்டிக்கு எவ்ளோ பஜ்ஜி போடணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டே போனார்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் புகைப் பரிசோதனை. அங்கிருந்த டெக்னீஷியன் சைலன்சரில் குழாயைச் செருகி, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மெஷினைப் பார்த்தார். குழாயை எடுத்துத் தட்டினார். மறுபடியும் செருகினார். மறுபடியும் பார்த்தார்.

"மிதிக்கிறீங்களா சார், இல்லையா?"

"மிதிக்கிறேன்பா!"

"அப்போ புகை எங்க?"

அவர் மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பக்கத்தில் நின்ற ஒரு வேனில் செருகிப் பார்த்தார். மெஷின் அலறியது. திரும்ப எங்கள் வண்டிக்கு வந்தார். அமைதி. மூன்று தடவை எடுத்துவிட்டுத்தான் தாளை அச்சடித்தார். மேடம் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மடித்துத் தன் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். என்ன எரிபொருள் என்று கேட்டார். மேடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஒவ்வொரு தடவை எண்ணெய் காய்ச்சியதற்கும் தேதி, அளவு, கலவை, லேப் முடிவு என்று நாற்பது பக்கம். இன்ஸ்பெக்டர் ஆறாவது பக்கம் வரை பொறுமையாகப் படித்து, மூடிக் கொடுத்தார். பிரேக் பார்த்தார், சரி. விளக்கு பார்த்தார், சரி.

"ஹார்ன் அடிங்க."

அடித்தேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் அடித்தேன். ம்ஹூம்.

"புகையும் வரலை, சத்தமும் வரலை. இப்படி ஒரு சாதுவான வண்டியை நான் பார்த்ததில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஹார்ன் இல்லாம பாஸ் பண்ண முடியாதும்மா. சரி பண்ணிட்டு ஒரு மணிக்குள்ள வாங்க."

மணி பன்னிரண்டே முக்கால். மேடம் பானெட்டுக்குள் தலையை விட்டார். ஹார்னுக்குப் போகிற ஒயர் முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. "உப்புத்தாள் வாங்கிட்டு வரேன்" என்று நான் கிளம்புவதற்குள் அவர் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார். தயிர்சாதம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயை எடுத்து அந்த முனையில் தேய்த்தார். நன்றாக அழுத்தித் தேய்த்தார். களிம்பு கரைந்து செம்பு தெரிந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்து மாட்டினார்.

"இப்ப அடிங்க சார்."

அடித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மரத்திலிருந்த அத்தனை காக்காயும் பறந்தன. வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய், குனிந்து, மூச்சை இழுத்தார். "எனக்குக் காலையில நாஸ்தா ஆகலை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சாயங்காலம் கல்லூரி கேட்டுக்குள் ஹார்ன் அடித்துக்கொண்டே நுழைந்தோம். பிரின்சிபால் படியிறங்கி வந்து சர்டிபிகேட்டைப் பார்த்தார். பிறகு தானே போய் ஷெட்டின் பூட்டைத் திறந்து, சாவியை அவர் கையில் கொடுத்தார். கேன்டீன் மாஸ்டர் அன்றிலிருந்து சாக்கடைப் பக்கம் போவதில்லை. எண்ணெயை வடிகட்டிக் கேனில் பேர் எழுதி அனுப்புகிறார். படூர் குடியிருப்புகளிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் கேன்கள் வருகின்றன. மகாபலிபுரத்தில் மீன் வறுத்து விற்கும் கடைக்காரர்கள் மேடத்தைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். புது மாணவர்கள் புராஜெக்ட் செய்தார்கள். அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் நான்கு பேரோடு ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்தது. ரெஜிஸ்டரில் மட்டுமே இருந்த அந்தப் பெயரை அச்சில் பார்த்து, யார் இது என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்.

மேடம் அதே வண்டியில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது அவர்தான் ஓட்டுகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்துவிட்டன. முதல் ஞாயிறு மத்தியானம் வரை தூங்கினேன். இரண்டாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று வீட்டில் கேட்டார்கள். காற்று வாங்க என்றேன்.

போன வாரம் என் மேஜைக்கு வந்தார்.

"ஆபீஸ் சார், கோவளத்துல ஒரு போட்டுக்காரர் கேக்கறாரு. அவர் என்ஜினும் டீசல்தானாம், பழசுதானாம். கடல்ல கொண்டுபோய் ஓட்டிப் பாக்கணும். கூட ஒரு ஆள் வேணும்."

எனக்கு நீச்சல் தெரியாது. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.